"போ" என்றும் சொல்லும், "நில்" என்றும் சொல்லும்!

"லெட்" என்ற ஆங்கிலச் சொல்லின் விசித்திரக் கதை

சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் தெருவுக்குத் தெரு ஒரு பலகை தொங்கும். அதில் "டூ லெட்" என்று எழுதி இருக்கும். ஆங்கிலம் படிக்காதவர்களுக்கும் அதன் பொருள் தெரியும். வீடு காலியாக இருக்கிறது, வாடகைக்குக் கிடைக்கும் என்று அர்த்தம்.

"லெட்" என்றால் "விடு". வீட்டை வாடகைக்கு விடுவது "லெட்". ஒருவரைப் போக விடுவது, வர விடுவது, பேச விடுவது எல்லாமே "லெட்"தான். தமிழில் "விடு" என்ற சொல் செய்கிற வேலையை ஆங்கிலத்தில் இந்தச் சொல் செய்கிறது.

ஆங்கிலத்தில் இதற்கு மூன்றே எழுத்துக்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தொடக்க வகுப்பிலேயே படித்துவிடுகிற சின்னஞ்சிறு சொல்.

ஆனால் இதே சொல்லுக்கு நேர் எதிரான இன்னொரு பொருளும் உண்டு. தடு, மறி, நிறுத்து என்பதே அந்தப் பொருள்!

"அது என்றோ செத்துப்போன பழைய பொருளாக இருக்கும்" என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் வீட்டில் யாரிடமாவது பாஸ்போர்ட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். அந்தப் பொருள் அதற்குள் உயிரோடு இருக்கிறது.

பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறது?

பாஸ்போர்ட்டின் அட்டையைத் திறந்ததும் உள்பக்கத்தில் சில வரிகள் அச்சிடப்பட்டு இருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை. போட்டோ சரியாக இருக்கிறதா, பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

அந்த வரிகள் இந்திய ஜனாதிபதியின் பெயரால் விடுக்கப்படும் வேண்டுகோள். சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் அது பொது. "இதை வைத்திருப்பவரைத் தாராளமாகப் போக விடுங்கள். அவருக்குத் தேவையான உதவியும் பாதுகாப்பும் கொடுங்கள்" என்பது அதன் சாரம்.

அந்த வாக்கியத்தின் நடுவில் "வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்" என்று வருகிறது.

"வித்தவுட்" என்றால் "இல்லாமல்". "ஆர்" என்றால் "அல்லது". "ஹிண்ட்ரன்ஸ்" என்றால் "இடையூறு". அப்படியானால் "லெட்" என்பது என்ன?

வாடகைப் பலகையில் உள்ள பொருளை இங்கே வைத்துப் பாருங்கள். "அனுமதியோ இடையூறோ இல்லாமல் போக விடுங்கள்" என்று வரும். அனுமதி இல்லாமல் எப்படிப் போக விடுவது? பொருளே கெட்டுப்போகிறது!

இங்கே "லெட்" என்றால் தடை. "தடையோ இடையூறோ இல்லாமல் போக விடுங்கள்" என்பதுதான் அந்த வரியின் சரியான பொருள்.

இருவருக்கு ஒரே பெயர்

ஒரே சொல் "விடு" என்றும் "தடு" என்றும் எப்படிப் பொருள் தர முடியும்?

உண்மையில் இது ஒரு சொல் அல்ல. இரண்டு தனிச் சொற்கள். காலப்போக்கில் இரண்டுக்கும் ஒரே உருவம் வந்துவிட்டது.

சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் பேசப்பட்ட ஆங்கிலம் வேறு மாதிரி இருந்தது. இன்றைய ஆங்கிலேயர் அதைக் கேட்டால் அவர்களுக்கே விளங்காது. அந்தப் பழைய மொழியில் "லேட்டன்" என்று ஒரு வினைச்சொல் இருந்தது. விடுவது, அனுமதிப்பது என்று அதற்குப் பொருள். "லெட்டன்" என்று இன்னொரு வினைச்சொல்லும் இருந்தது. தாமதப்படுத்துவது, தடுப்பது என்று அதற்குப் பொருள்.

இந்த இரண்டாவது சொல்லின் உறவினர் ஒருவர் நமக்கு நன்றாகத் தெரிந்தவர். "ரெயில் லேட்", "ஆபீசுக்கு லேட்" என்று தினமும் சொல்கிறோமே, அந்த "லேட்"தான் அவர்!

"லேட்" என்ற சொல்லின் பழைய உருவத்துக்கு "மெதுவான", "பிந்திய" என்று பொருள். அதிலிருந்து பிறந்ததே "லெட்டன்". அதாவது, ஒருவரை லேட்டாக்குவது. வழியில் மடக்கி நிறுத்தி வைத்தால் அவர் போக வேண்டிய இடத்துக்கு லேட்டாகத்தானே போவார்? தாமதப்படுத்துவது என்ற பொருள் இப்படித்தான் தடுப்பது என்றும் விரிந்தது.

"கடைசி" என்று பொருள்படும் "லாஸ்ட்" என்ற சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. எல்லோரையும்விட லேட்டாக வருகிறவர்தானே கடைசி ஆள்!

நூற்றாண்டுகள் செல்லச்செல்ல ஆங்கிலச் சொற்களின் வால் பகுதிகள் தேய்ந்தன. "லேட்டன்" தேய்ந்து "லெட்" ஆயிற்று. "லெட்டன்" தேய்ந்து அதுவும் "லெட்" ஆயிற்று. எழுத்தும் ஒன்று, ஓசையும் ஒன்று!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இன்னும் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னால் போனால் இவை இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று மொழி ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அந்தத் தாய்ச் சொல்லுக்குத் "தளர்த்துவது" என்பது போன்ற பொருள். பிடியைத் தளர்த்தினால் பிடித்த பொருள் போய்விடும். அது விடுவது. உடல் தளர்ந்தால் நடை மெதுவாகிவிடும். அது தாமதம். ஒரு கிளை "விடு" ஆயிற்று. மறு கிளை "தடு" ஆயிற்று!

மாலையும் மாலையும்

ஒரே ஓசைக்கு இரண்டு பொருள் இருப்பது நமக்குப் புதிது அல்ல. "மாலையில் மாலை வாங்கி வந்தான்" என்கிறோம். முதல் மாலை பொழுதைக் குறிக்கிறது. இரண்டாவது மாலை பூவைக் குறிக்கிறது. யாருக்கும் குழப்பம் வருவது இல்லை.

ஏனென்றால், பொழுதும் பூமாலையும் ஒன்றோடு ஒன்று மோதுவது இல்லை. ஆனால் "விடு" என்பதும் "தடு" என்பதும் அப்படி அல்ல. இரண்டும் பகைவர்கள். ஒரு காவல்காரரிடம் "அவனை லெட் செய்" என்று உத்தரவு போட்டால் அவர் கதவைத் திறப்பாரா, சாத்துவாரா?

இந்தக் குழப்பத்தோடுதான் ஆங்கிலேயர் பல நூறு ஆண்டுகள் வாழ்ந்தார்கள்.

ஒரே அத்தியாயத்தில் இரண்டும்!

1611-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பைபிள் மொழிபெயர்ப்பு வெளியாயிற்று. முதலாம் ஜேம்ஸ் மன்னரின் ஆணைப்படி அறிஞர்கள் பலர் கூடிச் செய்த மொழிபெயர்ப்பு அது. 400 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இன்றும் பலர் அதைப் படிக்கிறார்கள்.

அதில் யாத்திராகமம் என்ற பகுதியின் ஐந்தாம் அத்தியாயத்தைப் பாருங்கள். எகிப்து நாட்டில் இஸ்ரவேல் மக்கள் அடிமைகளாகச் செங்கல் அறுத்துக்கொண்டு இருக்கிறார்கள். மோசேயும் ஆரோனும் பார்வோன் மன்னனிடம் போகிறார்கள். மக்களைப் போக விட வேண்டும் என்ற கடவுளின் கட்டளையைச் சொல்கிறார்கள்.

முதல் வசனத்திலேயே "போக விடு" என்பதற்கு "லெட்" என்ற சொல் வருகிறது.

மன்னன் மறுக்கிறான். கோபத்தோடு திருப்பிக் கேட்கிறான். "ஜனங்களை வேலை செய்ய விடாமல் நீங்கள் ஏன் கெடுக்கிறீர்கள்?" என்பது அவன் கேள்வியின் கருத்து. இது நான்காம் வசனம். "வேலை செய்ய விடாமல் கெடுப்பது" என்பதற்கும் அங்கே "லெட்" என்ற சொல்தான்!

மோசேயின் வாயில் அந்தச் சொல் விடுதலை. பார்வோனின் வாயில் அதே சொல் தடை. இடையில் இருப்பவை இரண்டே வசனங்கள்.

அந்தக் காலத்து வாசகர்களுக்கு இது தடுமாற்றம் தரவில்லை. சொல் வருகிற இடத்தைப் பார்த்தே பொருளைப் புரிந்துகொண்டார்கள். இன்றைய வாசகருக்குத் தலை சுற்றும். அதனால்தான் பிற்கால மொழிபெயர்ப்புகளில் நான்காம் வசனத்தில் வேறு சொல்லைப் போட்டுவிட்டார்கள்.

இளவரசனின் ஆத்திரம்

ஷேக்ஸ்பியர் எழுதிய "ஹாம்லெட்" நாடகத்திலும் இந்தச் சொல் வருகிறது. சுமார் 1600-ம் ஆண்டில் எழுதப்பட்ட நாடகம் அது.

இளவரசன் ஹாம்லெட்டின் தந்தை இறந்துவிட்டார். நள்ளிரவில் கோட்டை மதில் மீது அவருடைய ஆவி தோன்றுகிறது. கையசைத்து மகனைக் கூப்பிடுகிறது. ஹாம்லெட் அதன் பின்னால் போகத் துடிக்கிறான். நண்பன் ஹொரேஷியோவும் காவல் வீரன் மார்செல்லசும் அவனைப் பிடித்து இழுக்கிறார்கள்.

"என்னை லெட் செய்கிறவனையும் ஆவியாக்கிவிடுவேன்" என்ற கருத்தில் ஹாம்லெட் சீறுகிறான்.

இன்றைய பொருளில் படித்தால், "என்னைப் போக விடுகிறவனைக் கொல்வேன்" என்று ஆகிவிடும். போக விடுகிறவனை எதற்காகக் கொல்ல வேண்டும்? "தடுக்கிறவனைக் கொல்வேன்" என்பதே பொருள். இந்த ஒரு சொல் புரியாவிட்டால் அந்தக் காட்சியே தலைகீழாகிவிடும்.

தோற்றவனும் ஜெயித்தவனும்

ஒரே உறையில் இரண்டு கத்திகள் இருக்க முடியாது. "விடு" என்ற பொருளுடைய "லெட்" நாள்தோறும் ஆயிரம் இடங்களில் தேவைப்பட்டது. அது நிலைத்து நின்றது. "தடு" என்ற பொருளுடைய "லெட்" பேச்சில் இருந்து மெல்லமெல்ல விலகியது. அதன் வேலையை வேறு சொற்கள் பங்கு போட்டுக்கொண்டன.

அந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு படம் ஒளிந்து இருக்கிறது.

"ஹிண்டர்" என்ற சொல் "பின்னால்" என்று பொருள்படும் "பிஹைண்ட்" என்ற சொல்லுக்குச் சொந்தம். முன்னே போகிறவனைப் பின்னால் இருந்து பிடித்து இழுப்பது போன்ற தடை.

"ப்ரிவெண்ட்" என்பது இலத்தீன் மொழியில் இருந்து வந்தது. "முன்னால் வருவது" என்பது அதன் மூலப் பொருள். எதிரில் முந்திக்கொண்டு வந்து நிற்பது போன்ற தடை. பழைய ஆங்கிலப் பிரார்த்தனைகளில் "கடவுளே, எங்களுக்கு முன்னே சென்று வழிகாட்டும்" என்று வேண்டுவதற்குக்கூட இந்தச் சொல் பயன்பட்டது! இன்று அதைப் படித்தால் "கடவுளே, எங்களைத் தடுத்து நிறுத்தும்" என்பதுபோலத் தோன்றும்.

"இம்பீட்" என்பதும் இலத்தீன்தான். அதற்குள் "கால்" என்ற சொல் இருக்கிறது. காலில் தளை மாட்டியதுபோல நடக்க முடியாமல் செய்வது.

"அப்ஸ்ட்ரக்ட்" என்பதற்குள் "கட்டுவது" என்ற பொருள் இருக்கிறது. குறுக்கே சுவர் எழுப்பியதுபோல வழியை அடைப்பது. கிரிக்கெட்டில் பீல்டர்களை வேண்டும் என்றே தடுத்தால் பேட்ஸ்மேன் அவுட் ஆவார். அந்த விதியின் பெயரில் இந்தச் சொல்தான் இருக்கிறது. 1951-ம் ஆண்டில் ஓவல் மைதானத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்ட் பந்தயத்தில் இங்கிலாந்து வீரர் லென் ஹட்டன் இப்படி அவுட் ஆனார். டெஸ்ட் வரலாற்றில் அதுவே முதல் தடவை.

ஆங்கிலம் எழுதப் பழகுகிறவர்கள் ஒரு வித்தியாசத்தை மனதில் வைக்க வேண்டும். மழையால் வேலை மெதுவாக நடந்தது என்றால் "ஹிண்டர்". வேலை இழுத்துப் பறித்தாவது நடக்கிறது. மழையால் வேலையே நடக்கவில்லை என்றால் "ப்ரிவெண்ட்". முன்னது இடைஞ்சல், பின்னது முழுத்தடை.

ஆடுகளத்தில் லெட்

"தடு" என்ற பொருளுடைய "லெட்" பேச்சில் இருந்து போய்விட்டாலும் மூன்று இடங்களில் பத்திரமாக இருக்கிறது. விளையாட்டு மைதானம், சட்டப் பத்திரம், பாஸ்போர்ட்டு என்பவையே அவை.

டென்னிஸ் பார்த்தவர்கள் அம்பயர் "லெட்" என்று சொல்வதைக் கேட்டு இருப்பார்கள். சர்வீஸ் போடும்போது பந்து வலையை உரசிவிட்டு எதிர்ப்பக்கம் சரியான கட்டத்தில் விழுந்தால் "லெட்". அந்த சர்வீஸ் கணக்கில் சேராது. மறுபடியும் போட வேண்டும்.

"நெட் என்பதைத்தான் லெட் என்கிறார்கள்" என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரி அல்ல. வலைக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. எதிர் ஆட்டக்காரர் தயாராவதற்கு முன்பே சர்வீஸ் போட்டுவிட்டாலும் டென்னிசில் "லெட்"தான். அப்போது பந்து வலையைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. ஆட்டத்துக்கு ஒரு தடங்கல் வந்துவிட்டது, அதனால் மீண்டும் ஆடு என்பதே கருத்து.

டேபிள் டென்னிசிலும் இந்த வழக்கம் உண்டு. ஸ்குவாஷ் ஆட்டத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே இரண்டு ஆட்டக்காரர்களும் நான்கு சுவர்களுக்குள் ஒரே பக்கத்தில் நின்று ஆடுகிறார்கள். ஒருவர் மற்றவருக்குக் குறுக்கே நின்றுவிடுவது சகஜம். அப்போது தடுக்கப்பட்டவர் நடுவரைப் பார்த்து, "லெட், ப்ளீஸ்" என்று கேட்பார். தடை உண்மை என்று நடுவர் கருதினால் அந்தப் புள்ளி மீண்டும் ஆடப்படும். 2023-ம் ஆண்டில் ஸ்குவாஷ் உலகக் கோப்பைப் பந்தயம் சென்னையில் நடந்தபோது, நேரில் பார்த்தவர்கள் இந்தக் குரலைக் கேட்டு இருப்பார்கள்.

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் ஒருவருடைய வழி மறிக்கப்பட்டுவிட்டது. அதனால் அவருக்கு நஷ்டம் வரக்கூடாது. இதுவே விளையாட்டில் உள்ள "லெட்" காட்டும் நியாயம்.

வாடகைப் பத்திரத்தில் லெட்

இரண்டாவது இடம் சட்டப் பத்திரம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வாடகை ஒப்பந்தம், கிரயப் பத்திரம் ஆகியவற்றில் "லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்" என்ற தொடர் அடிக்கடி வரும்.

வாடகை ஒப்பந்தத்தில் ஒரு விசேஷம் உண்டு. "வீட்டுக்காரர் இந்த வீட்டை லெட் செய்கிறார்" என்று மேலே இருக்கும். அதாவது வாடகைக்கு விடுகிறார். "குடியிருப்பவர் யாதொரு லெட்டும் இல்லாமல் அனுபவிக்கலாம்" என்று கீழே இருக்கும். அதாவது, யாதொரு தடையும் இல்லாமல்! பார்வோன் கதையைப்போல இங்கேயும் ஒரே ஏட்டில் இரண்டு பொருள்கள்.

அவசரத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் அந்தக் கீழ் வரியைப் படிப்பது இல்லை. படித்தாலும் புரிவது இல்லை. ஆனால் குடியிருக்கும் குடும்பத்துக்கு அது முக்கியமான வரி.

1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் இதையே சொல்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபோது, வாடகையைச் சரியாகக் கொடுத்து, ஒப்புக்கொண்ட நிபந்தனைகளின்படி நடந்தால், குத்தகைக் காலம் முழுவதும் இடையூறு இல்லாமல் அந்த இடத்தை வைத்துக்கொள்ளலாம். அந்த உறுதியை வீட்டுக்காரர் கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டில் 2019-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் புதிய வாடகைச் சட்டம் அமலுக்கு வந்தது. ஒப்பந்தத்தை எழுத்தில் செய்துகொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. குடியிருப்பவருக்குத் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. குழாயை அடைப்பதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் "லெட்"தான். பழைய பத்திரங்களில் ஒரே சொல்லில் அடங்கி இருந்ததைப் புதிய சட்டம் விவரமாகச் சொல்லி இருக்கிறது.

வாடகைக்கு வீடு தேடி அலையும் சென்னைக் குடும்பத்தின் கதையைச் செழியன் சினிமாவாக எடுத்தார். அது 2017-ம் ஆண்டின் சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. படத்தின் பெயரே "டூ லெட்"! குடியிருக்க ஓர் இடம் கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்தக் குடும்பங்கள் அறியும். கிடைத்த இடத்தில் நிம்மதியாக இருப்பதும் அதே அளவு பெரிய காரியம்தான்.

தங்கு தடையின்றி

"லெட் என்றாலும் தடை, ஹிண்ட்ரன்ஸ் என்றாலும் தடை. எதற்காக இரண்டு சொற்கள்?" என்று கேட்கலாம்.

ஒன்றைச் சொல்ல இரண்டு சொற்களை அடுக்குவது ஆங்கில வக்கீல்களின் நெடுநாள் பழக்கம். ஒரு சொல்லில் ஓட்டை இருந்தால் மற்றச் சொல் அதை அடைத்துவிடும் என்ற முன்ஜாக்கிரதை.

நம் மொழியிலும் இதற்குச் சமமான அழகான தொடர் இருக்கிறது. "தங்கு தடையின்றி" என்கிறோம் அல்லவா? "தங்கு" என்றால் தங்கிப்போவது. அது தாமதம். "தடை" என்றால் குறுக்கீடு. தாமதமும் கூடாது, தடையும் கூடாது.

"லெட்" என்பதன் மூலப் பொருளும் லேட்டாக்குவதுதானே! "லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்" என்பதைத் தமிழில் "தங்கு தடை" என்று மொழிபெயர்த்தால் அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்துகிறது.

அமெரிக்கப் பாஸ்போர்ட்டிலும் கனடா பாஸ்போர்ட்டிலும் இதேபோன்ற வேண்டுகோள் உண்டு. ஆனால் "லெட்" என்ற சொல் இருக்காது. "டிலே" என்ற சொல் இருக்கும். "டிலே" என்றாலும் தாமதம்தான். பழைய சொல்லைத் தள்ளிவிட்டு அதன் வேர்ப்பொருளை எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தும் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் பழைய சொல்லையே வைத்துக்கொண்டு இருக்கின்றன.

தடுக்க யாருக்கு உரிமை?

பாஸ்போர்ட்டில் உள்ள அந்த வரி ஒரு வேண்டுகோள் மட்டுமே. அதைக் காட்டி எந்த நாட்டுக்குள்ளும் நுழைந்துவிட முடியாது. விசா வேண்டும் என்று சொல்லும் நாட்டுக்கு விசா வாங்கித்தான் போக வேண்டும்.

ஆனால் அந்த வரி ஒரு கேள்வியை எழுப்புகிறது. "எங்கள் குடிமகனைத் தடுக்காதீர்கள்" என்று உலகத்தைக் கேட்டுக்கொள்ளும் அரசாங்கம், தானே அவரைத் தடுக்கலாமா?

இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. வெளிநாடு செல்வது குடிமகனின் தனி மனித சுதந்திரத்தில் அடங்கும் என்று 1967-ம் ஆண்டில் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. சட்டத்தின் ஆதாரம் இல்லாமல் அதிகாரிகள் தம் விருப்பப்படி பாஸ்போர்ட்டை மறுக்க முடியாது என்று ஆயிற்று. அதே ஆண்டில் பாராளுமன்றம் பாஸ்போர்ட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1977-ல், மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும்படி உத்தரவு வந்தது. காரணம் கேட்டார், சொல்ல மறுத்துவிட்டார்கள். அவர் வழக்குத் தொடர்ந்தார். ஏழு நீதிபதிகள் விசாரித்தார்கள். 1978-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஒருவருடைய சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும், மனம்போன போக்கில் இருக்கக் கூடாது என்று கோர்ட்டு கூறியது. இந்திய நீதித்துறை வரலாற்றில் புகழ்பெற்ற தீர்ப்புகளில் இதுவும் ஒன்று.

அரசாங்கத்துக்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால் மற்றவர்களுக்கு?

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் பலர் உண்டு. போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடும் முதலாளிகளும் உண்டு. "ஊருக்குப் போகும்போது தருகிறேன்" என்பார்கள். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி போல அவசரச் செய்தி வந்தாலும் பிள்ளை கிளம்ப முடியாது.

இந்தியப் பாஸ்போர்ட்டு இந்திய அரசாங்கத்தின் சொத்து என்று பாஸ்போர்ட்டுச் சட்டம் கூறுகிறது. அது முதலாளியின் சொத்து அல்ல. தொழிலாளியின் அடையாளப் பத்திரங்களைப் பிடித்து வைத்துக்கொள்வது கட்டாய வேலைக்கான அறிகுறிகளில் ஒன்று என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் குறிப்பிட்டு இருக்கிறது. இப்படிச் சிக்கிக்கொண்டவர்கள் அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் முறையிடலாம்.

மனதில் வைக்க வேண்டியவை

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் வீட்டில் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு முறை படியுங்கள். வாடகை ஒப்பந்தம் செய்கிறவர்கள் கையெழுத்துக்கு முன்பு அதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். "லெட்" என்ற சொல் வந்தால் கீழே உள்ளவற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

1. பலகையில் "டூ லெட்" என்று இருந்தால் வாடகைக்கு விடுவது.

2. "லெட்" என்பதை அடுத்து ஒரு ஆளும் அவர் செய்யும் செயலும் வந்தால், அந்தச் செயலைச் செய்ய விடுவது, அனுமதிப்பது.

3. ஆட்டத்தில் நடுவர் "லெட்" என்றால் தடங்கல் வந்துவிட்டது. மீண்டும் ஆட வேண்டும்.

4. "ஹிண்ட்ரன்ஸ்" பக்கத்தில் "லெட்" வந்தால் அது தடை. "வித்தவுட்" முன்னால் இருந்தால், "தங்கு தடையின்றி" என்று படியுங்கள்.

5. நீங்கள் ஆங்கிலம் எழுதும்போது "தடு" என்பதற்கு "லெட்" போட வேண்டாம். இன்று அதை யாரும் அப்படிப் புரிந்துகொள்ள மாட்டார்கள். "ஹிண்டர்", "ப்ரிவெண்ட்" போன்ற சொற்களைப் பயன்படுத்துங்கள்.

உங்களைத் தடுக்கக் கூடாது என்று ஒரு பத்திரத்தில் எழுதி இருந்தால், அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர் நீங்கள்தான்.